திருவையாறு ஆராதனை: கோஷ்டியில் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து பாடலாமா?

வைகறை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரில் ஒரே குடியிருப்பில் இருக்கிற பெண்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வீட்டில் கூடிப் பாடுவோம். எங்களில் பாதிப் பேர் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகுதான் சரளி வரிசையே தொடங்கினோம். தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தில் நாட்டை, ஆரபி, ஸ்ரீ ராகப் பாட்டுகள் புத்தகம் இல்லாமல் வரும். கௌளை பார்த்துப் பாடினால்தான் வரும். வராளியை மட்டும் எங்கள் டீச்சர் நேரில் சொல்லித்தர மாட்டேன் என்கிறார். அதைச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யைக்கும் ஆகாமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதனால். ஒலிப்பதிவு கேட்டு நாங்களாகவே கற்றுக்கொண்டு வருகிறோம்.

இந்த முறை, தியாகராஜர் காலமான நாளில் தஞ்சாவூர் பக்கத்துத் திருவையாற்றில் எல்லோரும் கோஷ்டியாகச் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுகிற ஆராதனைக்கு ஒரு வேன் வைத்துக்கொண்டு போகலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. எங்கள் குழுவில் மூத்தவரான மாமி மட்டும், "அது வித்வான்கள் பாடுகிற இடம். ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவோம், வாயைத் திறக்க வேண்டாம்" என்கிறார். அவர்தான் எங்களில் நன்றாகப் பாடுபவர். அவரே இப்படிச் சொன்னதும் மற்றவர்களுக்குத் தைரியம் போய்விட்டது. போய்ப் பாடியவர்கள் யாராவது சொல்லுங்கள், உண்மையில் யார் வேண்டுமானாலும் சேர்ந்து பாடலாமா?

இன்னொன்று. கூட வருகிற பிள்ளைகளுக்கு இந்த விழா எப்படி வந்தது என்று வேனில் சொல்ல வேண்டிய பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கேட்க வருபவர்களுக்கு டிக்கெட் இல்லை, பாடுபவர்களுக்குச் சன்மானம் இல்லை என்று சொன்னதுமே என் பெண், "அப்படியென்றால் யாருக்கு என்ன லாபம், எதற்கு இத்தனை வருஷமாக நடத்துகிறார்கள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல ஆசை.

சீவாளி பதில்:

பாடலாம் அம்மா, தாராளமாக. நாங்கள் நாகஸ்வரக் குடும்பம். விழா மங்கள இசையோடுதான் தொடங்கும் என்பதால் சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு அந்தப் பந்தலைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆராதனை நாளான பஞ்சமி அன்று காலையில் ஊரே பாடும். பக்கத்து ஊர்ப் பாட்டு வகுப்புப் பிள்ளைகள், சீருடையோடு வந்த பள்ளி மாணவிகள், ரயிலிறங்கி நேரே வந்தவர்கள் என்று எல்லோரையும் பார்க்கலாம். யாரும் உங்களிடம் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்கப்போவதில்லை.

ஒரு விஷயம் மட்டும். தை மாதக் காலை, ஆற்றங்கரை. பனி இருக்கும். எங்களுக்கு நாகஸ்வரத்தில் ஊதுகிற சீவாளி ஈரம் வாங்கிச் சுருதி நிற்காது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்போம். குரலும் அப்படித்தான். காது, கழுத்து மூட ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் பிளாஸ்க் இருந்தால் நல்லது.

ஐயாற்றங்கரை பதில்:

வைகறை அம்மா, அந்த மாமியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் வாய் திறந்து பாடியே ஆக வேண்டும்.

நான் திருவையாற்றுக்காரன். இப்போது வேறு மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தருகிறேன். படிக்கிற காலத்தில் ஆராதனைப் பந்தலில் ஜமுக்காளம் விரிப்பது, தண்ணீர் கொடுப்பது, வழி தவறிய பாட்டிகளைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பது எல்லாம் செய்திருக்கிறேன். அதனால் கோஷ்டி எப்படி உட்காரும் என்று விவரமாகவே சொல்கிறேன்.

தியாகராஜர் சமாதிக்கு முன்னால் நடுவில் வழி விட்டு, எதிரெதிராக வரிசை வரிசையாக உட்கார்வார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒலிபெருக்கிக்கு அருகில் முன்வரிசையில் பெயர் பெற்ற வித்வான்கள், விதூஷிகள் இருப்பார்கள். மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் அங்கேதான். அவர்களுக்குப் பின்னால் பந்தல் முழுக்க உங்களைப் போன்றவர்கள்தான். காலையில் தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து, தெருவில் பாடி அரிசி வாங்கிய அவர் வழக்கத்தை நினைவூட்டும் உஞ்சவிருத்தி பஜனை கிளம்பிச் சமாதிக்கு வந்து சேரும். அப்புறம் புல்லாங்குழல்காரர்கள் சேர்ந்து பைரவியில் 'சேதுலாரா' வாசிப்பார்கள். அதுவரை இடம் பிடிக்கிற சத்தம், பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் இருக்கும். பைரவி முடிகிற நேரத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். உடனே நாட்டை, 'ஜகதானந்தகாரகா'.

எல்லாமே ஆதி தாளம் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தையும் பாடி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கௌளையில் சரணங்கள் நீளமாகப் போகும்போது பின்வரிசைகளில் பல குரல்கள் நின்றுபோகும், புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்கும். ஆரபியில்தான் அந்தப் பந்தலின் அழகு தெரியும். 'ஸாதிஞ்செனே'யில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் 'ஸமயானிகி தகு மாடலாடெனே' என்று திரும்பி வர வேண்டும் அல்லவா? சரணத்தின் ஸ்வரம் தெரியாதவர்களும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். சரணத்தை முன்வரிசை பாடும். அந்த வரி வந்ததும் பந்தலின் கடைசி மூங்கில் வரைக்கும் குரல் எழும்பும். மறுபடி சரணம், மறுபடி அந்த வரி. நான் தண்ணீர்க் குடத்தோடு நடுவில் நின்று கேட்டிருக்கிறேன். முன்னாலிருந்து ஒரு சத்தமும் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வந்து நம் மேல் விழும். உங்கள் மாமி வாய் மூடி உட்கார்ந்திருந்தாலும் அந்த இடத்தில் தானாகப் பாடிவிடுவார்.

இனி உங்கள் பெண்ணின் கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

தியாகராஜர் 1847 ஜனவரி 6-ஆம் தேதி காலமானார். புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி. காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். சீடர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள், அந்த நாளை அவரவர் வீட்டில் அனுசரித்தார்கள். சமாதியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது காடு மண்டிக் கிடந்தது. 1903-இல் அவருடைய நேர்ச் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வயதான காலத்தில் வந்து தேடிக் கண்டுபிடித்துச் சீர்படுத்தினார்கள். அதன் பிறகுதான் தில்லைஸ்தானத்துச் சகோதரர்கள் நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் அந்த நாளைப் பெரிய அளவில் பாட்டோடு கொண்டாடத் தொடங்கினார்கள்.

கொஞ்ச காலத்திலேயே சகோதரர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அண்ணன் பக்கம் பெரிய கட்சி, தம்பி பக்கம் சின்ன கட்சி என்று ஆகிவிட்டது. மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை போன்ற பெரிய வித்வான்கள் சின்ன கட்சியில் நின்றார்கள். பெரிய கட்சியிலும் அதே மாதிரி பெரிய பெயர்கள் உண்டு. ஒரே மகானுக்கு இரண்டு விழா. சின்ன கட்சி விழா பஞ்சமியோடு முடியும், பெரிய கட்சி விழா பஞ்சமியன்று தொடங்கும். ஆனால் இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: சந்நிதியில் பெண்கள் பாடக்கூடாது.

இங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். 1878-இல் பிறந்தவர், தேவதாசி மரபு, சென்னையில் பெரும் புகழோடு கச்சேரி செய்தவர். சமாதி மறுபடியும் கவனிப்பில்லாமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தார். அந்த நிலத்தை வாங்கித் தன் சம்பாத்தியத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். 1921-இல் அடிக்கல், 1926 ஜனவரியில் கும்பாபிஷேகம். கோயிலைக் கட்டியவர் அவர், அந்தக் கோயிலின் முன் பாட அவருக்கு அனுமதி இல்லை. என்ன செய்தார் தெரியுமா? அடுத்த ஆண்டே பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து, சந்நிதியின் பின்புறத்தில் தனியாக விழா நடத்தினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர் வந்தது. ஆக மூன்று கட்சி, மூன்று விழா, நடுவில் ஒரே சமாதி.

பல வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் ஐ.சி.எஸ். அதிகாரியும் சங்கீத ரசிகருமான எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, முசிறி சுப்ரமணிய ஐயர் போன்றவர்கள் பேசிப் பேசி எல்லோரையும் ஒன்றாக்கினார்கள். 1941 முதல் ஒரே ஆராதனை. பெண்களும் முன்னால் வந்து உட்கார்ந்து பாடினார்கள். எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னத்தைப் பாடுகிற இப்போதைய வழக்கமும் அந்த ஒற்றுமையோடுதான் வந்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. யாருக்கு முன்னால் யார் பாடுவது என்று சண்டை போட்ட இடத்தில், யாரும் தனியாகப் பாடாமல் எல்லோரும் சேர்ந்து பாடுவது என்று முடிவாகியிருக்கிறது!

சண்டையை மறைத்துவிட்டு, மகான், பக்தி, புண்ணியம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் வேனில் வருகிற பெண் பிள்ளைகள், தாங்கள் உட்காரப்போகிற ஜமுக்காளத்துக்கு யார் வழி செய்தார்கள் என்று தெரிந்துகொண்டுதான் உட்கார வேண்டும். நாகரத்தினம்மாள் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார், 1952-இல் காலமானார். தன் சொத்தையும் இந்தச் சமாதிக்கே எழுதிவைத்தார். தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி கைகூப்பி உட்கார்ந்திருக்கிற அவருடைய சிலை அங்கேயே இருக்கிறது. கூட்டத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

"யாருக்கு என்ன லாபம்?" தியாகராஜர் பாட்டை விற்றுப் பிழைக்கவில்லை. தெருவில் பாடிக்கொண்டே போய், கிடைத்த அரிசியில் சாப்பிட்டார். தஞ்சை அரண்மனை கூப்பிட்டும் போகவில்லை என்பார்கள். அவர் பெயரில் நடக்கிற விழாவில் டிக்கெட் வைக்க யாருக்கு மனம் வரும்? நடத்துவது ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோத்சவ சபை, நன்கொடையில் நடக்கிறது. பாடுபவர்களுக்குச் சன்மானம் கிடையாது. சென்னையில் இரண்டரை மணி நேரம் கச்சேரி செய்கிறவரும் இங்கே ஒன்றிரண்டு கீர்த்தனையைச் சில நிமிடத்தில் பாடிவிட்டு எழுந்துகொள்ள வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை இருக்கும். ஒன்றில் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் மற்றதில் தம்பூராவோடு தயாராகிவிடுவார். முதல் முறையாக மேடை ஏறுகிற பெண் பாடி முடித்ததும் உலகமே அறிந்த ஒருவர் பாடுவார், அவர் முடித்ததும் மறுபடி ஊர் பேர் தெரியாத ஒரு பையன். இருவருக்கும் அதே ஜமுக்காளம், அதே ஒலிபெருக்கி, எதிரில் அதே கூட்டம். லாபம் என்று கேட்டால், அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் பெண்ணை.

எரி ஏரி பதில்:

நான் அமெரிக்காவில் கிளீவ்லாந்து பக்கத்தில் இருக்கிறேன். இங்கே 1978-இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. ஜனவரியில் பனி கொட்டும் என்பதால் ஈஸ்டர் சமயத்தில் வைக்கிறார்கள். பஞ்சரத்ன கோஷ்டியில் என் மகனும் நானும் உட்கார்ந்து பாடுவோம். அவனுக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் வரும், பாட்டின் மொழியான தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஸ்ரீ ராகத்து 'எந்தரோ மஹானுபாவுலு' பிசிறில்லாமல் வரும். ஐயாற்றங்கரை ஐயா எழுதியதை இன்று இரவு அவனுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். நாகரத்தினம்மாள் கதை தெரியாமலே இத்தனை நாள் அவன் பாடிக்கொண்டிருக்கிறான்.

வைகறை அம்மா, வராளிக்கு நீங்கள் செய்வதுதான் இங்கேயும் வழி. பாதிப் பேர் ஒலிப்பதிவு கேட்டுக் கற்றவர்கள்தான்.

வைகறை பதில்:

எல்லோருக்கும் நன்றி. மாமியிடம் தொலைபேசியிலேயே முழுவதையும் படித்தேன். "ஸமயானிகி" இடம் வந்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, கௌளையை நான் எல்லோருக்கும் சரிபார்த்துத் தருகிறேன், திங்கட்கிழமையிலிருந்து தினமும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்!

என் பெண் தன் பங்குக்கு, "கோயில் கட்டினவங்களையே பாட விடலையா?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேனில் அந்தக் கதையை அவளே சொல்கிறாளாம். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நாங்கள் பெண்கள் மட்டும் பாடுவதால் ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பழகியிருக்கிறோம். கோஷ்டியில் ஆண்களும் சேர்ந்து பாடும்போது சுருதி ஒத்துவருமா?

ஐயாற்றங்கரை பதில்:

நல்லவேளை, இப்போதே கேட்டீர்கள். கோஷ்டியில் எல்லோருக்கும் ஒரே சுருதி. ஆண்கள் தனியாகப் பாடினால் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. நீங்கள் அதைவிட மேலே, ஐந்தரை. இரண்டு பேரும் தங்கள் வழக்கத்தை விட்டுக்கொடுத்தால்தான் சேர்ந்து பாட முடியும். வழக்கமான கட்டையிலேயே ஐந்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் அங்கே முதல் வரியிலேயே குரல் தடுமாறும்.

அதனால் இப்போதிலிருந்தே சுருதிப் பெட்டியை மாற்றி மாற்றி வைத்துப் பழகுங்கள். ஒரு நாள் வழக்கத்தைவிட நன்றாக இறக்கி, ஒரு நாள் கொஞ்சம் ஏற்றி. கீழே இறக்கும்போது கீழ் ஸ்தாயியான மந்தரத்தில் குரல் காற்றாகப் போகும் இடங்கள் வரும். அங்கே அழுத்திக் கத்த வேண்டாம், மெதுவாகப் பாடிவிட்டு மேலே வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள். மேல் ஸ்தாயி எட்டாத இடத்திலும் அப்படியே. ஸ்ரீ ராகத்தில் சரணங்கள் பல, மூச்சை முதலிலேயே செலவழித்துவிடாதீர்கள். காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், உங்கள் வீட்டுக் காலப்பிரமாணமாக இருக்காது. கூட்டம் பெரிதாக இருந்தால் பின்வரிசைக்குச் சத்தம் ஒரு கணம் தாமதமாக வரும். ஒலிபெருக்கியை மட்டும் நம்பாமல், முன்னால் தாளம் போடுகிறவரின் கை தெரிகிற மாதிரி இடம் பார்த்து உட்காருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான், ஆனால் பஞ்சமி அன்று காலையில் அந்தச் சாலை நகராது. முந்தின நாள் இரவே தஞ்சாவூர் வந்து தங்கிவிட்டு, இருட்டோடு கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது பிள்ளைகளுக்கு அசோகா வாங்கிக் கொடுக்க மறக்காதீர்கள். எங்கள் ஊர் பாசிப்பருப்பு அல்வா, சூடாக இலையில் வைத்துத் தரும்போதே சாப்பிட வேண்டும். மேட்டூரில் சாதாரணமாக ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள் என்பதால் ஆற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். படித்துறையில் பிள்ளைகள் கையை மட்டும் விடாதீர்கள்.